முதலில் படிப்பவள்

மன்னார்குடி
10 ஜூன் 2025

அன்புள்ள ஷமீரா,

பக்கத்து ஊரில் இருந்துகொண்டு தபாலில் கடிதம் எழுதுகிறாளே, இவளுக்கு என்ன ஆயிற்று என்று நீ நினைப்பாய். போனில் பேசினால் மூன்றாவது வாக்கியத்தில் சண்டை வந்துவிடுகிறது. வாட்ஸ்அப்பில் எழுதினால் நீல டிக் வந்தும் பதில் வரவில்லையே என்று நீ ஒரு பக்கம் வேகிறாய், நான் ஒரு பக்கம் வேகிறேன். கடிதத்தில் அந்தத் தொல்லை இல்லை. நீ படித்தாயா, கிழித்துப் போட்டாயா என்பது எனக்குத் தெரியப்போவதில்லை.

வேலையை முதலில் சொல்கிறேன். ஊருக்கு ஊர் வீடியோவைக் கொண்டுபோக நாம் எழுதிய வாய்க்கால் புரோகிராம் நேற்றும் நின்றுவிட்டது. மீரா உசேன் அண்ணன் ஸ்டூடியோவில் கல்யாண வீடியோவைத் திறந்து வைத்துக்கொண்டு மணிக்கணக்கில் உட்கார்ந்திருக்கிறார்கள். ஃபோல்டர் திறக்கவும் இல்லை, மூடவும் இல்லை. உனக்குப் போன் செய்தாராம். எனக்கும் செய்திருக்கலாம். அந்த ஃபைல் சிஸ்டத்தில் பாதி நான் எழுதியது என்பது அவருக்கு அடிக்கடி மறந்துபோகிறது.

இப்போது சண்டையைச் சொல்கிறேன். நான் புரோகிராமில் மாற்றி எழுதியதைப் பிரகதீஸ்வரி படித்துப் பார்த்து, 'சரி' என்று போட்டது உனக்குப் பிடிக்கவில்லை. அன்று நீ வேறு வேலையில் இருந்தாய். அவள் தஞ்சாவூரிலிருந்து வந்து சேர்ந்து இரண்டு மாதம் ஆகிறது, படித்த பெண், கெட்டிக்காரி. ஒரே ஒரு தடவை அவளிடம் கொடுத்தேன். அதற்கு நீ அத்தனை பேர் முன்னால் அப்படிப் பேசியிருக்க வேண்டாம். அதன் பிறகு கூத்தாநல்லூர் பஸ்ஸில் ஏற எனக்குக் கால் வரவில்லை. இங்கேயே வீட்டில் உட்கார்ந்து வேலை செய்கிறேன். பிரகதியும் இங்கேதான் வருகிறாள்.

இன்னொன்றும் உண்டு, மற்றவர் வாயால் நீ கேட்கக் கூடாது என்று நானே எழுதுகிறேன். பெங்களூரில் ஒரு கம்பெனியில் கூப்பிடுகிறார்கள். ஜூலைக்குள் பதில் சொல்ல வேண்டும். இன்னும் சொல்லவில்லை.

ஆவணி முகூர்த்தம் தொடங்குவதற்குள் வாய்க்கால் சரியாக வேண்டும் என்கிறார் அண்ணன். அதுவரை உன் பகுதியை நீ பார், என் பகுதியை நான் பார்க்கிறேன். அண்ணன் தம்பி நிலம் பிரித்துக்கொள்வது மாதிரி நடுவில் ஒரு வரப்புப் போட்டுக்கொள்ளலாம்.

வித்யா

*

கூத்தாநல்லூர்
14 ஜூன் 2025

வித்யா,

கிழிக்கவில்லை. இரண்டு தடவை படித்தேன். திருப்திதானே.

வரப்புப் போடுகிறாளாம் வரப்பு. எந்த இடத்தில் போடுவாய்? ஃபைலைத் திறக்கும் பகுதியும் எழுதும் பகுதியும் என்னுடையது, படித்துத் தரும் பகுதியும் மூடும் பகுதியும் உன்னுடையது. நான் திறக்காததை நீ எப்படி மூடுவாய்?

அன்றைக்கு ஸ்டூடியோவில் நடந்ததைச் சொல்கிறேன். முத்துப்பேட்டைக் கல்யாணம். மாப்பிள்ளையின் அண்ணன் குவைத்திலிருந்து வர முடியாமல் வீடியோவுக்காகக் காத்திருக்கிறார். எடிட் செய்கிற சாமிதுரை திரையைப் பார்த்துக்கொண்டு சிலை மாதிரி உட்கார்ந்திருக்கிறார். மவுஸ் மட்டும் நகர்கிறது. மீரா உசேன் மாமா என்னைக் கூப்பிட்டு, இதற்கு என்னதான் வியாதி என்று கேட்டார். நானும் அவருக்குப் புரிகிற மாதிரி சொன்னேன். "கம்ப்யூட்டருக்குள்ள இருக்குற மத்த ஃபோல்டருக்கெல்லாம் கம்ப்யூட்டரே பொறுப்பு. நம்ம வாய்க்கால் ஃபோல்டருக்கு மட்டும் அது வெளியில நிக்கிற நம்ம புரோகிராம கேட்டுத்தான் பதில் சொல்லும். நாங்க பதில் சொல்லலன்னா, கேட்ட ஆளு அப்படியே நிப்பான். போகவும் மாட்டான், வரவும் மாட்டான்." அதற்கு மாமா சொன்னார்: "அப்ப பதில் சொல்லும்மா. இன்னொரு தடவ நின்னுச்சுன்னா நான் பழையபடி டிஸ்க்க பஸ் கண்டக்டர்கிட்டயே குடுத்து அனுப்பிக்கிறேன்."

நம்மிடம் இருப்பது இந்த ஒரு ஸ்டூடியோதான் என்பதை உனக்கு ஞாபகப்படுத்துகிறேன். உனக்குப் பெங்களூர் இருக்கிறது. எனக்கு வாய்க்கால்தான் இருக்கிறது. அம்மாவை இங்கே தனியாக விட்டுவிட்டு நான் எந்த ஊருக்கும் வர முடியாது என்று தெரிந்துதானே அந்தக் கம்பெனியோடு பேசினாய்?

அப்புறம் பிரகதி விஷயம். ஒரே ஒரு தடவை என்று எழுதியிருக்கிறாய். காலேஜிலிருந்து நமக்கு ஒரு வழக்கம் உண்டு. நீ எழுதினால் நான் வரி வரியாகப் படிப்பேன், நான் எழுதினால் நீ படிப்பாய், படிக்காமல் ஒரு எழுத்து உள்ளே போகாது. அந்த இடத்தில் இன்னொருத்தியின் பெயரைப் பார்த்ததும் எனக்கு வயிறு எரிந்தது. இதை நாகரிகமாகச் சொல்ல எனக்குத் தெரியவில்லை. போன செவ்வாய்க்கிழமை மட்டும் அவள் எழுதிய ஃபைலை நீ மறுபடி மறுபடி திறந்திருக்கிறாய். என்னுடையதை ஒரு தடவைகூடத் திறக்கவில்லை. அவள் அவ்வளவு நன்றாகவா எழுதுகிறாள்?

ஷமீரா

*

மன்னார்குடி
19 ஜூன் 2025

ஷமீரா,

செவ்வாய்க்கிழமை நான் எதைத் திறந்தேன் என்பது உனக்கு எப்படித் தெரியும்? பிரகதி உன்னோடு பேசுவதில்லை. வேறு யாரும் என் அறைக்குள் வருவதில்லை.

போகட்டும். எனக்கும் ஒன்று தெரியும். நான் எழுதிய எந்த ஃபைலையும் நீ ஒரு மாதமாகத் திறந்துகூடப் பார்க்கவில்லை. எப்படித் தெரியும் என்று நீ என்னைக் கேட்காதே, நானும் உன்னைக் கேட்கவில்லை என்று வைத்துக்கொள். பிரகதி படித்தது குற்றம் என்கிறாய். நீ படிக்காமல் விட்டதற்கு என்ன பெயர்?

வயிறு எரிவது உனக்கு மட்டும் இல்லை. அன்றைக்கு மளிகைக் கடையில் உன் ஊர்க்காரர் ஒருவர் என்னைப் பார்த்து, "நீங்கதான் ஷமீரா புள்ளக்கி ஒத்தாசையா இருக்குற பொண்ணா?" என்று கேட்டார். ஒத்தாசை! மீரா உசேன் அண்ணன் கொடுத்த பேட்டியில் உன் பெயர், உன் போட்டோ, உன் ஊர். அந்த யூடியூப் வீடியோவில் நான் பின்னால் நின்று வயரைப் பிடித்துக்கொண்டிருக்கிறேன். நீ அதைப் பார்த்துச் சிரித்தாய். நானும் சிரித்தேன். வீட்டுக்கு வந்து அம்மாவிடம் எரிந்து விழுந்தேன், சாப்பிடாமல் படுத்தேன்.

வேலை. புரோகிராமுக்குள் பதில் சொல்கிற ஆட்கள் போதவில்லை என்று பிரகதி நினைக்கிறாள். நம் புரோகிராமில் ஒரே நேரத்தில் பத்துக் கேள்விக்குத்தான் பதில் சொல்ல முடியும், பத்தும் எங்கோ மாட்டிக்கொண்டால் பதினோராவது ஆள் நிற்க வேண்டியதுதான். அவள் பத்தை நாற்பதாக ஆக்கிப் பார்த்தாள். நிற்பதற்குக் கொஞ்சம் அதிக நேரம் ஆயிற்று, ஆனால் நின்றது. மாட்டிக்கொள்பவர்கள் எங்கே மாட்டிக்கொள்கிறார்கள் என்பது பிடிபடவில்லை. நீ என்ன நினைக்கிறாய் என்று எழுது. வேலை விஷயத்திலாவது பேசுவோம்.

வித்யா

*

கூத்தாநல்லூர்
27 ஜூன் 2025

வித்யா,

பெரியம்மா மகள் கல்யாணத்துக்காக முத்துப்பேட்டைக்குப் போயிருந்தேன். அங்கே லேப்டாப்பைத் தொட நேரமில்லை. மருதாணி, பிரியாணி, சொந்தக்காரர்கள், "நீ இன்னும் கம்ப்யூட்டர்தான் பாக்குறியாம்மா" என்கிற கேள்வி, இதற்கே நாள் போய்விட்டது.

திரும்பி வந்தால் ஸ்டூடியோவில் ஒரே கொண்டாட்டம். நான் இல்லாத நாட்களில் வாய்க்கால் ஒரு தடவைகூட நிற்கவில்லையாம். பிரகதி ஏதோ மாற்றினாளாம், அதில் சரியாகிவிட்டதாம். மாமா எனக்கே இனிப்பு நீட்டி, "அந்தத் தஞ்சாவூர் பொண்ணு பெரிய ஆளுதாம்மா" என்றார். அவர் வாயிலிருந்து உன் பெயர் வருவதற்கு ஐந்து வருடம் ஆயிற்று. அவள் பெயர் இரண்டு மாதத்தில் வந்துவிட்டது. அந்த அல்வாவை வாயில் வைத்துக்கொண்டு நான் முழுங்கவும் முடியாமல் துப்பவும் முடியாமல் நின்றேன்.

ஸ்டூடியோ மாடியில் இருக்கிற நம் அறைக்கு ஏறிப்போய் என் மேசையில் உட்கார்ந்து லாகின் செய்தேன். நீயும் மன்னார்குடியில் வேலையில் இருந்தாய், திரையில் உன் பெயருக்குப் பக்கத்தில் பச்சை விளக்குத் தெரிந்தது. அரை மணி நேரம் ஆகவில்லை, கீழேயிருந்து சாமிதுரை கத்தினார். நின்றுவிட்டது.

ஒன்று சொல்கிறேன், திட்டாதே. சந்தோஷப்பட்டேன். மாமா முகம் தொங்கிப்போனதைப் பார்த்தும் சந்தோஷம் போகவில்லை. நம் சோற்றில் மண் விழுகிறதே என்றுகூடப் பார்க்காமல், அவள் தோற்றாள் என்று மனசுக்குள் குதித்தேன். இவ்வளவு கேவலமானவளா நான் என்று அப்புறம்தான் தோன்றியது.

கோளாறு எங்கே என்று எனக்கு ஒன்றும் புரியவில்லை. என் பகுதியில் தவறு இல்லை, அது மட்டும் தெரியும்.

ஷமீரா

*

மன்னார்குடி
3 ஜூலை 2025

ஷமீரா,

நீ சந்தோஷப்பட்டாய் என்று எழுதியதை நான் பிரகதியிடம் காட்டவில்லை. அந்த அளவுக்கு எனக்கு இன்னும் உன் மேல் மரியாதை இருக்கிறது.

நிதானமாக யோசித்துவிட்டுத்தான் இதை எழுதுகிறேன். நீ ஊரில் இல்லாதபோது நிற்கவில்லை. நீ வந்து உட்கார்ந்ததும் நின்றது. சந்தேகத்துக்காக, யார் எப்போது வந்தார்கள் என்று குறிக்கிற லாகை எடுத்துப் பின்னால் போய்ப் பார்த்தேன். நீ லாகின் செய்யாத ஒரு நாளில்கூட அது நின்றதில்லை. உன் பகுதியில் தவறு இல்லை என்று நீ சத்தியம் செய்யலாம், ஆனால் நீ வந்தால் நிற்கிறது.

இதைப் போனில் சொல்லியிருந்தால் நீ வைத்திருப்பாய். அதனால்தான் கடிதம்.

திங்கட்கிழமை பெங்களூர் போகிறேன். நேரில் பேச வரச் சொல்லியிருக்கிறார்கள். திரும்பி வர ஒரு வாரம் ஆகும். அங்கே போய் வாய்க்காலைத் தொடமாட்டேன். பிரகதியிடம் எல்லாவற்றையும் ஒப்படைத்திருக்கிறேன். அவளோடு சண்டை போடாதே, அவள் உன்னை ஒன்றும் செய்யவில்லை.

வித்யா

*

கூத்தாநல்லூர்
14 ஜூலை 2025

வித்யா,

'நீ வந்தால் நிற்கிறது.' இந்த ஒரு வரியை வைத்துக்கொண்டு நான் ஒரு வாரம் பட்ட பாட்டை எழுதினால் தபால் கவர் தாங்காது. அம்மா என்னிடம் பேசவே பயந்தார்கள்.

கோபத்தில் ஒரு வேலை செய்தேன். நீ பெங்களூரில் இருந்த நாள் முழுக்க நான் லாகின் செய்துகொண்டு உட்கார்ந்திருந்தேன். வேண்டுமென்றே பெரிய பெரிய வீடியோவாகத் திறந்தேன், எழுதினேன், அழித்தேன். சாமிதுரையையும் விடாமல் வேலை செய்யச் சொன்னேன். வாய்க்கால் ஒரு நொடிகூட நிற்கவில்லை. உடனே உனக்கு, 'நீ இல்லாவிட்டாலும் நன்றாகத்தான் ஓடுகிறது' என்று எழுதப் பேனாவை எடுத்தேன். எடுத்தவள் அப்படியே வைத்துவிட்டேன். நான் இல்லாதபோதும் ஓடுகிறது, நீ இல்லாதபோதும் ஓடுகிறது என்றால், நாம் இருவரும் சேர்ந்து இருக்கும்போதுதான் நிற்கிறது.

அதற்கப்புறம் நான் செய்ததை நீ நம்பமாட்டாய். பிரகதிக்குப் போன் செய்தேன். உன் வீட்டில் உன் கம்ப்யூட்டரில் உன் பெயரில் உட்காரச் சொன்னேன். நீ சொல்லிவிட்டுப் போயிருந்தாய் போல, மறுக்கவில்லை. நான் இங்கே என் பெயரில். போனைக் காதில் வைத்துக்கொண்டு ஒரே ஒரு ஃபைலைத் திறக்கச் சொன்னேன். கொஞ்ச நேரத்தில் நின்றது. நின்ற புரோகிராமைக் கொல்லாமல், உள்ளே எட்டிப் பார்க்கிற டிபக்கரை அதன் மேல் மாட்டி, பதில் சொல்கிற நாற்பது பேரும் எங்கே நிற்கிறார்கள் என்று ஒவ்வொருவராகப் பார்த்துக்கொண்டு வந்தேன்.

முதல் ஆள் என் கண்ணில் நின்றான். ஆமாம், உன் மேல் ஒரு கண் வைத்தேன், வேவு பார்க்கிற ஒரு குட்டி புரோகிராம். உன் பெயரில் எந்த ஃபைல் திறந்தாலும் அதை ஒரு மறைவு ஃபைலில் குறித்து வைக்கும். நீ அவளுடையதைத் திறக்கிறாயா, என்னுடையதைத் திறக்கிறாயா என்று தெரிய வேண்டும், அவ்வளவுதான். செவ்வாய்க்கிழமை விஷயம் அப்படித்தான் தெரிந்தது.

இரண்டாவது ஆளைப் பார்த்ததும்தான் எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. அவன் உன் கண்ணில் நின்றான். என் பெயரில் எது திறந்தாலும் குறித்து வைக்கிற கண், வாய்க்காலைக் கிளப்புகிற தொடக்க ஸ்கிரிப்டின் அடியில், ஜென்மத்துக்கும் யாரும் எட்டிப் பார்க்காத இடத்தில்.

நடப்பது இதுதான். நீ ஒரு ஃபைலைத் திறக்கிறாய். என் கண் அதைக் குறிக்க வேண்டும், குறிப்பதற்கு வாய்க்காலுக்குள்ளேயே என் பெயரில் ஒரு ஃபைலைத் திறக்கிறது. நான் எதையோ திறக்கிறேன் என்று உன் கண் அதைக் குறிக்க உன் பெயரில் ஒன்றைத் திறக்கிறது. உடனே மறுபடி என் கண். ஒருவர் குறித்து முடிக்கும் வரை இன்னொருவர் காத்திருக்க வேண்டும், ஆனால் யாரும் முடிப்பதில்லை. நாற்பது பேரும் நம் இருவரையும் வேவு பார்ப்பதில் மாட்டிக்கொண்டார்கள். முத்துப்பேட்டைக் கல்யாண வீடியோவுக்குப் பதில் சொல்ல ஆள் இல்லை.

பிரகதியும் அந்தப் பக்கம் அதையே பார்த்துக்கொண்டிருந்தாள். அப்புறம் மெதுவாகச் சொன்னாள்: "அக்கா, நீங்க ரெண்டு பேரும் ஒருத்தர ஒருத்தர் பாத்துக்கிட்டே இருக்கீங்க. வேலையத்தான் யாரும் பாக்கல."

பழையபடி நீ எழுதுவதை நானும் நான் எழுதுவதை நீயும் படித்திருந்தால் இரண்டு கண்ணும் அன்றைக்கே பிடிபட்டிருக்கும். சண்டை போட்டோம், படிப்பதை நிறுத்தினோம், இரண்டும் சத்தமில்லாமல் உள்ளே போய்விட்டன. என்னுடையதை எடுத்துவிட்டேன். உன்னுடையதை நீயே எடு, நான் தொடமாட்டேன். ஏன் வைத்தாய் என்று மட்டும் சொல். நான் வைத்ததற்குக் காரணம் பொறாமை, வேறு கௌரவமான பெயர் எதுவும் அதற்குக் கிடையாது.

ஷமீரா

*

மன்னார்குடி
18 ஜூலை 2025

ஷமீ,

எடுத்துவிட்டேன். நேற்றெல்லாம் நாம் இருவரும் லாகின் செய்திருந்தோம், நிற்கவில்லை. சாமிதுரைகூட எனக்குப் போன் செய்து நன்றி சொன்னார். எனக்கு வந்த முதல் போன்.

ஏன் வைத்தேன் என்று கேட்கிறாய். நீ என்னோடு பேசுவதை நிறுத்திய பிறகும் நான் எழுதியதை மட்டும் படித்துக்கொண்டுதான் இருப்பாய் என்று நம்பினேன். அதைத் தெரிந்துகொள்ள வைத்தேன். தெரிந்தால் போதும், நானே பஸ் ஏறி வந்துவிடுவேன் என்றுகூட நினைத்திருந்தேன். தினமும் காலையில் அதைத்தான் முதலில் பார்ப்பேன். உன் பெயருக்கு நேரே ஸ்டூடியோ வீடியோக்கள், உன் ஃபைல்கள், சர்வர் செட்டிங். என்னுடையது ஒன்றுகூட இல்லை. ஒரு மாதம், அப்புறம் இன்னும் சில வாரம். நான் எழுதியதில் ஓரிடத்தில் உனக்காகவே ஒரு வரிகூடப் போட்டு வைத்திருந்தேன். நீ அந்தப் பக்கமே வரவில்லை.

நான் பிரகதியின் ஃபைலை ஏன் திறந்தேன் என்று நீ அவளிடமே கேட்டிருக்கலாம். அதில் தவறு மண்டிக்கிடந்தது. கெட்டிக்காரிதான், ஆனால் அவசரக்காரி. உன்னுடையதை நான் திறக்கவில்லை என்பதும் உண்மை. ஐந்து வருடமாகப் படித்த புரோகிராமை எதற்குத் திறக்க வேண்டும்? கண்ணை மூடிக்கொண்டு சொல்வேன்.

பெங்களூரில் அவர்கள், "எப்ப சேர முடியும்?" என்று கேட்டார்கள். அன்று காலையில்கூட ஊரிலிருந்து கிளம்புவதற்கு முன் எடுத்து வைத்திருந்த அந்தக் குறிப்பைப் பார்த்துவிட்டுத்தான் உள்ளே போனேன். அதில் நான் இல்லை. ஆகஸ்ட் நான்காம் தேதி வருகிறேன் என்று சொல்லிவிட்டேன். கையெழுத்தும் போட்டாயிற்று.

வித்யா

*

கூத்தாநல்லூர்
22 ஜூலை 2025

வித்யா,

உன் கடிதத்தை மாடிப்படியிலேயே உட்கார்ந்து படித்தேன்.

நீ எழுதிய ஒவ்வொரு வரியையும் நான் படித்தேன். ஃபோல்டரைத் தொட்டாலே நின்றுவிடுகிறதே என்று, ஸ்டூடியோவின் பேக்கப் டிஸ்கிலிருந்து என் லேப்டாப்புக்கு நகல் எடுத்துப் படித்தேன். உன் கண் வாய்க்காலுக்குள் நடப்பதைத்தான் பார்க்கும். நான் வாய்க்காலுக்கு வெளியே உட்கார்ந்து படித்துக்கொண்டிருந்தேன். உன் கண்ணும் என் கண்ணும் சேர்ந்து அதை நிறுத்தாமல் இருந்திருந்தால் நான் உள்ளேயே படித்திருப்பேன், நீயும் பார்த்திருப்பாய்.

நம்பவில்லையா? படித்துத் தரும் பகுதியில் வீடியோவின் ஒரு துண்டு வேறு ஊரிலிருந்து வந்து சேராவிட்டால், சும்மா மூன்று தடவை கேட்டுப் பார்த்துவிட்டு, அந்த இடத்தில் கறுப்பை நிரப்பிக் கொடுத்துவிடுகிறாய். மணப்பெண் தலை நிமிர்கிற நேரத்தில் ஒரு நொடி இருட்டாகப் போகும். அதற்கு மேலே நீ எழுதி வைத்திருப்பதை அப்படியே தருகிறேன்: 'இது சரியில்லை. ஷமீ பார்த்தால் திட்டுவாள். அப்போது மாற்றிக்கொள்ளலாம்.'

பார்த்தேன். திட்டுகிறேன். மானம்கெட்ட வேலை இது, மாற்று.

அன்றைக்கே திட்டியிருப்பேன். திட்டினால் படித்தேன் என்று உனக்குத் தெரிந்துவிடுமே என்று வாயை மூடிக்கொண்டேன். அவளிடம்தானே கொடுத்தாய், அவளே திட்டட்டும் என்று இருந்தேன். அவளுக்கு அந்த வரியின் அர்த்தமே தெரிந்திருக்காது என்பது எனக்கு அப்போது உறைக்கவில்லை.

உனக்கு ஒரு சந்தேகம் வந்தது, அதற்கு ஒரு புரோகிராம் எழுதினாய். எனக்கும் வந்தது, நானும் எழுதினேன். பஸ்ஸில் ஏறி வந்து, படிக்கிறாயா இல்லையா என்று ஒரு வார்த்தை கேட்கிற வேலையை இருவரும் செய்யவில்லை. இதற்காக நான் உன்னையும் என்னையும் சமமாகத் திட்டுகிறேன், உனக்குக் கொஞ்சம் கூடுதலாக, நீ கையெழுத்துப் போட்டுவிட்டாய் என்பதால்.

போகாதே, வித்யா. கையெழுத்துப் போட்டவளிடம் இப்படிக் கேட்பது நியாயமில்லை என்று தெரிந்துதான் கேட்கிறேன்.

ஷமீரா

*

பெங்களூர்
24 ஆகஸ்ட் 2025

ஷமீ,

உன் கடிதம் கிடைத்த அன்று அந்தக் கறுப்பை மாற்றினேன். வேறு எதையும் மாற்ற முடியவில்லை. அம்மாவிடம் சொல்லி, டிக்கெட் எடுத்து, எல்லோருக்கும் இனிப்புக் கொடுத்த பிறகு போகவில்லை என்று சொல்ல எனக்குத் தைரியம் வரவில்லை. நேரில் வந்து சொல்லாமல் கிளம்பியதும் அதனால்தான். நீ மறுபடி போகாதே என்று சொன்னால் நான் நின்றிருப்பேன்.

இங்கே எல்லாம் வசதி. மதியச் சாப்பாடு அவர்களே போடுகிறார்கள், சாம்பாரில் வெல்லம். முதல் வாரத்தில் ஒரு பெரிய மாற்றம் எழுதி, படித்துப் பார்க்கச் சொல்லி அனுப்பினேன். நான் தண்ணீர் குடித்துவிட்டு வருவதற்குள் 'சரி' என்று வந்துவிட்டது. ஒரு வரிகூடப் படிக்காமல் அப்படிப் போட முடியும் என்று எனக்குத் தெரியாது. சோதித்துப் பார்க்க வேண்டுமென்றே ஒரு முட்டாள்தனத்தைச் செய்து அனுப்பினேன். அதற்கும் 'சரி'. நானே வெட்கப்பட்டுத் திரும்ப எடுத்துக்கொண்டேன்.

ஆவணி முதல் முகூர்த்தத்தில் வாய்க்கால் நிற்காமல் ஓடியது என்று பிரகதி சொன்னாள். அவள் இப்போது கூத்தாநல்லூருக்கே வருகிறாளாமே. தினமும் மேலே உன் அறையில்தான் வேலையாம். அவள் எழுதுவதை நீ வரி வரியாகப் படிக்கிறாயாம். நேற்று ஒரு இடத்தில் அவளை அழ வைக்கிற அளவுக்குத் திட்டினாயாம், அப்புறம் பரோட்டா வாங்கிக் கொடுத்தாயாம். இதை அவள் பெருமையாகச் சொன்னாள். நான் போனைக் காதில் வைத்துக்கொண்டு, நல்லதும்மா, நல்லதும்மா என்றேன். வைத்த பிறகு சாப்பிடப் போகவில்லை. அவளைச் சேர்த்துவிட்டதே நான்தான் என்பது அப்போதுதான் முள்ளாகக் குத்தியது.

அந்த அறையில் ஜன்னல் ஓரத்தில், மின்விசிறிக்கு நேரே ஒரு நாற்காலி இருக்கிறதே, ஒரு கை உடைந்தது, அது என்னுடையது. அதில் அவள் உட்காருகிறாளா? இதைக் கேட்பது எனக்கே அசிங்கமாக இருக்கிறது. ஆனாலும் ஒளிந்திருந்து தெரிந்துகொள்வதைவிடக் கேட்டுவிடுவது மேல். கேட்டுவிட்டேன்.

வித்யா

*

கூத்தாநல்லூர்
29 ஆகஸ்ட் 2025

வித்யா,

ஆமாம், அதில்தான் உட்காருகிறாள். நல்ல காற்று வருகிறதாம். அவள் எழுதுவதை நான்தான் முதலில் படிக்கிறேன், திட்டவும் செய்கிறேன். எல்லாம் உண்மை.

நான் எழுதியது மட்டும் நீ போனதிலிருந்து அப்படியே வெளியே கிடக்கிறது. படித்துவிட்டு உள்ளே போடட்டுமா அக்கா என்று அவள் இரண்டு தடவை கேட்டுவிட்டாள். தரவில்லை.

அவளை அந்த நாற்காலியிலிருந்து எழுப்ப என்னால் முடியாது. எழுப்ப வேண்டுமென்றால் நீயே வந்து எழுப்பு.

ஷமீ